மிதக்காத பச்சைத் துண்டு

"ஏன்க்கா, கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் பொறுக்குறியா, இல்ல..."

"நீ மெஷினை ஒழுங்கா ஓட்டுடா முதல்ல, என் கண்ணைப் பத்தி..."

"இதோ பாரு, இதைப் பாருக்கா, உக்கார்ற எடத்துல, நட்ட நடுவுல, பச்சைப் பச்சையா..."

"பாக்குறேன், பாக்குறேன், தூக்கி மூஞ்சில இடிக்காத. மத்தியானம் சாப்ட்டியா இல்லையா நீ, மொகம் ஏன் இப்படி வத்திக் கெடக்கு..."

"சாப்பாட்டைப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

"மாத்திரை?"

"போட்டாச்சுக்கா. பேச்சை மாத்தாத."

சுவரில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் தலை நரைத்த தம்பி, அந்தப் பக்கம் அவனைவிட நரைத்த அக்கா. நடுவில், கால்கள் மேலே பார்க்க, தலைகீழாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். உடைந்த வாளி, கால் போன நாற்காலி, பாட்டில் மூடி என்று ஊர் கழித்துப் போட்டதையெல்லாம் அந்தப் பக்கத்தில் அக்கா தரம் பிரித்து, அரைத்துத் துருவலாக்கி, கழுவி, மூட்டை கட்டித் தள்ளுவாள். இந்தப் பக்கத்தில் தம்பி அதை உருக்கி அச்சில் வார்த்துப் புது ஸ்டூல் ஆக்குவான். அந்தக் கதவு இருந்ததே மூட்டைக்காகத்தான். மனிதர்கள் போய்வர ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு தெரு.

அடுக்கி வைத்த மூட்டைகளுக்குப் பின்னால் மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தீப்பிடித்த கிடங்குகளைப் பார்வையிட்டு, பிடித்ததா பிடிக்க வைத்ததா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றபின் அதே மூக்கை வைத்துத் துப்பறிகிறார். பக்கத்தில் அவருடைய உதவியாள். ஒரு காலத்தில் பேருந்துகளில் ஏறிப் பேனா விற்றவன். வாய்க்கு ஸ்விட்ச் கிடையாது என்பதால் ரேடியோ என்று பெயர் நிலைத்துவிட்டது.

"மேடம், இது சண்டையா, நலம் விசாரிக்கிறதா?" என்று அவன் காதருகில் கேட்டான்.

மேடம் விரலை உதட்டில் வைத்தார். அவருக்கு எந்த வழக்கும் முதலில் காதில்தான் விழும். மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, சொல்லும்போது எந்த வார்த்தை தானாக வந்து விழுகிறது என்பதைத்தான் கேட்பார். இப்போது ஏதோ ஒரு வார்த்தை காதில் தைத்திருந்தது. எது என்று பிடிபடவில்லை.

சண்டை முடிந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தம்பி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மூட்டைகளைக் கடந்து போனான். இத்தனை கத்திவிட்டுப் போகிறவனின் முகம் சிவந்திருக்க வேண்டும். அவன் முகமோ, நல்ல வெயிலில் நடந்து வந்தவன் ஒரு செம்பு தண்ணீர் குடித்த மாதிரி தெளிந்திருந்தது.

---

வழக்கைக் கொண்டுவந்தவள் தம்பியின் மனைவி. பட்டறையின் மூலையில் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, ஆர்டர் வாங்குவதும் ஸ்டூல்களை அனுப்புவதும் அவள் வேலை. பொடி படியாத புடவை. அளந்து பேசுகிற வாய்.

அவள் சொன்னதன் சுருக்கம் இது. கொஞ்ச காலமாக ஸ்டூல்கள் கெட்டுப்போகின்றன. சாம்பல் நிறத்தில் வழவழவென்று வர வேண்டிய பலகையில் பச்சைக் கண்ணாடிச் சில்லு போல ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது. வேறு ஜாதி பிளாஸ்டிக். இந்தச் சூட்டுக்கு அது உருகாது. அதன் மேல் ஆள் உட்கார்ந்தால் அங்கேயே விரிசல் விடும். கெட்ட ஸ்டூலைத் திரும்ப அரைத்துத் திரும்ப வார்க்கலாம், பொருள் வீணாகாது. ஆனால் நாள் வீணாகிறது. வாங்குகிறவன் கடைசியாகச் சொல்லிவிட்டான், இன்னொரு முறை தாமதமானால் வேறு இடம் பார்த்துக்கொள்வான்.

தரம் பிரிப்பது நாத்தனார். ஆகவே கலப்பதும் நாத்தனார்தான் என்பது அவள் முடிவு. இன்று மாலை கொத்தனார் வருகிறார். சுவரில் இருக்கும் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிடப் போகிறார்கள். துருவலை இனி வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். நாத்தனார் அந்தப் பக்கத்தைக் காலி செய்துகொண்டு போகட்டும்.

அப்படியானால் துப்பறிய ஆள் எதற்கு என்று ரேடியோ கேட்டான்.

"என் வீட்டுக்காரர் நம்பணும்ல" என்றாள் அவள். "நான் சொன்னா, உனக்கு எப்பவுமே அந்தப் பக்கத்தைக் கண்டா ஆகாதும்பார். நீங்க சொன்னா வாயடைச்சுப் போயிடுவார்."

எதனால் இந்தச் சுவர் என்று மேடம் கேட்டார். அதையும் அவள் அளந்துதான் சொன்னாள். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நம்பித் தம்பி அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பியபோது முகத்தை மூடியாகிவிட்டது. அக்கா வந்து, துணியை விலக்கிப் பார்த்து, திரும்பவும் மூடி, அத்தனை பேர் முன்னால் நிதானமாகச் சொன்னாளாம்: இனிமேல் என்னை நீ அக்கா என்று கூப்பிடாதே. அதோடு சரி. காரியம் முடிந்த கையோடு சுவர் எழும்பிவிட்டது.

மேடம் காலையில் தம்பியிடம் பேசியிருந்தார். அரை மணி பேசியும் அவன் அக்காவைப் பெயராலோ உறவாலோ ஒரு தடவைகூடக் குறிப்பிடவில்லை. அந்தப் பக்கம் இன்னும் மூட்டை அனுப்பவில்லை, அந்தப் பக்கத்தில் தண்ணீர் வரவில்லை, அந்தப் பக்கத்திடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். என்னவோ அக்கா ஒரு திசை என்கிற மாதிரி.

மேடம் எழுந்தார். ஸ்டூலில் இருந்து ஒரு பச்சைத் துண்டைப் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்து ரேடியோவிடம் கொடுத்தார். பத்திரம் என்றார்.

---

அந்தப் பக்கத்துக்குப் போக இரண்டு தெரு சுற்ற வேண்டியிருந்தது.

கூரைக்குக் கீழே நிறம் நிறமாகக் குவியல்கள். சிவப்பு வாளிகள், நீல மக்குகள், வெளுத்துப் போன நாற்காலி முதுகுகள். நடுவில் இடுப்பளவு தொட்டி நிறையத் தண்ணீர். அரைபட்ட துருவல் அதில் பூவிதழ் போல மிதக்க, அக்கா நீண்ட கைப்பிடி வைத்த சல்லடையால் அரித்து அரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆள் இல்லை. ஆனால் அவர்கள் உள்ளே நுழைந்தபோது பேச்சுக் குரல் கேட்டது. அக்கா ஒரு மக்கிடம், உனக்கெல்லாம் கைப்பிடி ஒரு கேடா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களைக் கண்டதும் கூச்சப்படவில்லை. தனியாக இருக்கிறவளுக்கு மக்குதான் மறுபேச்சுப் பேசாத துணை என்றாள். உட்காரச் சொன்னாள். எதிரில் ஒரு ஸ்டூல் துடைத்துச் சுத்தமாக இருந்தது. யாரும் உட்கார்ந்து தேய்ந்த அடையாளம் அதில் இல்லை. மேடம் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல உட்கார்ந்தார். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காலியாகவே இருக்கும் எதிர் நாற்காலி அவருக்கு நினைவுக்கு வந்தது.

மேடம் கேட்ட கேள்விகளுக்கு அக்கா பிடி கொடுக்கவில்லை. தம்பி குறை சொல்கிறானே என்றால், சொல்லட்டும் என்றாள். தம்பி மனைவி சந்தேகப்படுகிறாளே என்றால், படட்டும் என்றாள். மாலையில் கொத்தனார் வருகிறாரே என்றதற்கு மட்டும் சல்லடை ஒரு நொடி நின்றது.

"கதவையா அடைக்கிறாங்க?"

"ஆமா."

"அவன் சம்மதிச்சுட்டானா?"

பதிலுக்குக் காத்திராமல் சல்லடை மறுபடி தண்ணீரில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து ரேடியோ தன் திறமையைக் காட்ட நினைத்தான். சட்டைப் பையிலிருந்து பச்சைத் துண்டை எடுத்து, நாடகத்தில் வருகிற வக்கீல் மாதிரி இரண்டு விரலில் உயர்த்திப் பிடித்து, இது உங்களுடையதுதானே என்று கேட்டான். வியர்த்த விரல். துண்டு வழுக்கிக்கொண்டு நேரே தொட்டிக்குள் போய் விழுந்தது.

போனது போனதுதான். மேலே வரவில்லை.

"போச்சு. இன்னிக்கு எனக்குக் குளியல்" என்று ரேடியோ சட்டைக் கையை மடித்தான். தோள் வரை கையை விட்டுத் துழாவி, முகமெல்லாம் துருவல் ஒட்ட, ஒருவழியாக அடியிலிருந்து அதைப் பிடித்து எடுத்தான். பார்ப்பதற்கு மீன் கடையில் தூங்கி எழுந்தவன் மாதிரி இருந்தான்.

மேடம் அவனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி முழுக்க மிதக்கிறது. அக்கா மிதப்பதைத்தான் அரித்து எடுக்கிறாள். மூழ்குவது எதுவும் இந்தத் தொட்டியைத் தாண்டி மூட்டைக்குள் போக வழியே இல்லை.

"அம்மா, இந்தத் துண்டு முங்குது" என்றார் மேடம் மெதுவாக.

அக்கா சல்லடையை உதறினாள். "முங்கும்."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் ஒரு தடவைகூட அதைச் சொல்லிப் பழியைத் தட்டிவிடல?"

அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நேரமாகிறது, அடுத்த குவியலை அரைக்க வேண்டும் என்றாள். பிறகு போகிற போக்கில், கதவைப் பார்த்துக்கொண்டே, அவன் மாத்திரையை உண்மையிலேயே போட்டானா என்று மட்டும் உங்களால் விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

---

திரும்பி நடக்கும்போது ரேடியோ மூச்சு விடாமல் பேசினான். அவன் கணக்கில் குற்றவாளி பிடிபட்டாயிற்று. தொட்டிக்குப் பிறகுதான் கலக்கிறார்கள், அதாவது இந்தப் பக்கத்தில். இந்தப் பக்கத்தில் நாத்தனாரைத் துரத்த வேண்டும் என்று துடிப்பவர் யார்? சம்பளம் கொடுத்துத் துப்பறிய ஆள் வைத்துவிட்டால் தன் மேல் சந்தேகம் வராது என்று நினைத்த சாமர்த்தியசாலி யார்?

"அந்தப் புடவையில ஒரு பொட்டுப் பொடி கெடையாது" என்றார் மேடம். "மெஷின் கிட்டயே போகாத பொம்பளை. துருவலைக் கொட்டுற வாய் எங்க இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது. துண்டோட ஓரத்தைப் பாரு. அக்கா அரைச்சதெல்லாம் கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கு. இது கத்தரியால நேரா வெட்டினது. வெட்டினவன் சின்னச் சின்னதா, பாத்துப் பாத்து வெட்டியிருக்கான். கொஞ்சம் பெருசா இருந்தா மெஷின் தொண்டையில அடைச்சுக்கும். இத்தனை தடவை கலந்திருக்கு, ஒரு தடவைகூட மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. கெடுக்கணும், ஆனா எதுவும் கெட்டுடக் கூடாது. அப்படி ஒரு கை."

"இது என்ன மேடம், அடிக்கணும், ஆனா வலிக்கக் கூடாதுங்கிற கதை? கெடுக்கறதுல என்ன லாபம் அப்ப?"

"அதான் தெரியல."

"லாபமே இல்லாம கெட்டுப்போச்சுன்னு சொல்ற ஆளு உலகத்துலயே ஒருத்தர்தான் உண்டு" என்றான் ரேடியோ. "போன மாசம் நல்லா ஓடிட்டிருந்த ஃபேன் ஓடலைன்னு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, உக்கார வச்சு, டீ போட்டுக் குடுத்து, அவன் பொண்ணு படிப்பு வரைக்கும் விசாரிச்சு அனுப்பினீங்களே. அவன் என்கிட்ட வந்து கேக்குறான், உங்க மேடத்துக்கு என்ன, ஃபேனுக்கு ஒண்ணும் இல்லையேன்னு."

மேடம் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள் மணியடித்து ஒதுங்கிப் போனது.

கேலி செய்தது மனசில் பட்டுவிட்டதோ என்று ரேடியோ பயந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். மேடம் அவன் தோளைத் தட்டினார். காதில் தைத்திருந்த அந்த வார்த்தை இப்போது வெளியே வந்துவிட்டது.

---

தம்பி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மனைவியும் வந்து நின்றாள். மேடம் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு பிடி துருவலை அதில் தூவினார், மிதந்தது. பச்சைத் துண்டைப் போட்டார், அடியில் போய் உட்கார்ந்தது. ஏன் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். இது அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

மனைவி வாளியையே பார்த்தாள். அவள் புத்திசாலி. மேற்கொண்டு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இயந்திரத்தைத் தொடுகிறவன் ஒரே ஒருவன்தான்.

"நீங்களா?"

தம்பி துடைக்கிற துணியை மடித்தான். மறுபடி பிரித்தான். ஆமாம் என்றான்.

எதற்காக என்று அவள் கேட்டாள். அவன் ஏதேதோ மென்று விழுங்கினான். மேடம்தான் பேச வேண்டியதாயிற்று.

"காலையில அரை மணி பேசினீங்க. அந்தப் பக்கம், அந்தப் பக்கம்னுதான் சொன்னீங்க. கூப்பிடாதன்னு அவங்க சொன்னதை மீறாம இருந்திருக்கீங்க. ஆனா கதவுகிட்ட நின்னு கத்தினீங்களே, அப்ப வாய்க்கு வாய் அக்கா. கோபத்துல வந்துட்டா அது கூப்பிட்டதா ஆகாதுல்ல? கோபப்படறதுக்கு ஒரு காரணம் வேணும். காரணத்தைக் கத்தரியால வெட்டித் தயார் பண்ணியிருக்கீங்க."

இயந்திரம் சூடு ஆறுகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டது.

"இன்னொண்ணு" என்றார் மேடம். "அவங்களுக்கும் தெரியும். தொட்டியைத் தாண்டி அந்தத் துண்டு வராதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் கதவுகிட்ட வந்து நின்னு, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிட்டு, நீங்க சாப்ட்டீங்களான்னு கேட்டுட்டுப் போறாங்க."

தம்பி அங்கேயே, கெட்டுப்போன ஸ்டூல் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். அது விரிசல் விடும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

மனைவி அழவில்லை, கத்தவும் இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை கூடுதலாப் பேசறதுக்கு நீங்க ஒரு டம்ளரைக்கூட உடைச்சதில்லையே" என்றாள்.

வாசலில் வண்டிச் சத்தம். கொத்தனார் செங்கல்லோடு வந்திறங்கிவிட்டார். எந்தச் சுவர் என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். மேடம் மனைவியைப் பார்த்தார். துப்பு முடிந்துவிட்டது. இனி இவர் சொல்வதற்கு எதுவும் இல்லை.

அவள் வாசல் பக்கம் திரும்பி, கொஞ்சம் இருங்க என்று கொத்தனாருக்குச் சொன்னாள். பிறகு கணவனிடம் வந்தாள்.

"இனிமே ஒரு ஸ்டூலும் கெடக் கூடாது. கெட்டா ஆர்டர் போயிடும், நாம எல்லாரும் தெருவுலதான். ஸ்டூல் கெடலைன்னா நீங்க அங்க போகப் போறதில்லை. போகாத கதவு எதுக்குங்க? போங்க. இப்பவே போய், எதையும் தூக்கிக் காட்டாம, கத்தாம, ஒரு வார்த்தை பேசுங்க. பேச முடிஞ்சா கதவு இருக்கட்டும். முடியலைன்னா செங்கல் வந்து நிக்குது."

அவன் எழுந்தான். பழக்கதோஷத்தில் கை ஒரு ஸ்டூலைத் தேடியது. அவள் அதைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள்.

கதவுவரை அதிக தூரம் இல்லை. ஆனால் வெறுங்கையோடு நடக்கிறவனுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டையில் துடைத்தான், பின்னால் கட்டினான், மறுபடி தொங்கவிட்டான். ரேடியோ அவனைப் பார்க்க மாட்டாமல் கூரையைப் பார்த்தான். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். தாழ்ப்பாளை அவன் சத்தம் வராமல் விலக்கியதைப் பார்த்தார்.

அந்தப் பக்கத்தில் அரைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்த வெளிச்சம் விழுந்ததும் அக்கா திரும்பினாள். சண்டைக்குத் தயாராக முந்தானையைச் செருகியவள், அவன் கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தாள். கை நீண்டு ஸ்விட்சை அணைத்தது. அரைபடாத துண்டுகள் உள்ளே கடகடவென்று உருண்டு ஓய்ந்தன.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கத்திப் பழகிய குரல், தாழ்த்தியதும் யாரோ ஒருவருடையது போல வந்தது.

"இன்னிக்கு எதுவும் கெடலக்கா. சும்மாதான் வந்தேன்."